ஏசி போட்டும் இருபத்திரண்டு

சங்கரன்கோவிலில் சின்ன கார் வாங்கிய வாரமே எனக்கு மைலேஜ் பைத்தியம் பிடித்தது. ராஜபாளையம் போகையில், கொளுத்தும் வெயிலிலும் ஏசி போடாமல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு விரட்டினேன். இரண்டு வயது மகள் வியர்த்து அழுதாள். காரின் திரையில் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர்தான்.

திரும்பும்போது மனைவி சாவியைப் பறித்தாள். "நான் ஓட்டுதேன். நீங்க பின்னால பிள்ளையோட இருங்க."

ஏசியைப் போட்டாள். எங்கும் விரட்டாமல், சடக்கென்று பிரேக் அடிக்காமல் ஓட்டினாள். மகள் என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் திரையைப் பார்த்ததும் கத்தியேவிட்டேன்.

"ஏட்டி, இருபத்திரண்டு!"

"கத்தாதீங்க, பிள்ள முழிச்சிரும்" என்று சிரித்தாள்.

பெட்ரோலைக் குடித்தது என் காலின் அவசரம்தான். அது தெரியாமல் பிள்ளையை வேகவைத்தேனே என்று இன்றும் மனம் கூசுகிறது.