ஊசி முனையில் ஒரு மேடு

ஒட்டுநாடாவை முதலில் தன் புறங்கையில் ஒட்டிப் பிய்த்துப் பார்ப்பாள் ஸூலிகா. முடி நாடாவோடு வந்தால் பசை அதிகம், படிகத்துக்கு ஆகாது. ஓரான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. "சொந்தக்காரங்க மாதிரிதான். ஒட்டவும் செய்யணும், கூப்பாடு போடாம விலகவும் செய்யணும்" என்பாள்.

அந்த நாடாவால் மேல்தோல் உரித்த படிகம், கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் ஓடவிடும். அதன் மேல் காந்தப் பொருளை ஒற்றை அடுக்காகத் தீவு தீவாகப் படிய வைப்பாள். இரண்டுக்கும் ஜென்மப் பகை. ஆனால் ஒரே கூரையின் கீழ் குடிவைத்தால், இரண்டிலுமே இல்லாத ஒரு புது நிலை காந்தத் தீவின் ஓரத்தில் பிறக்குமாம். பிறந்தால் கணினித் திரையில் கோட்டின் நடுவே ஒரு மேடு எழும். அந்த மேட்டுக்காக வருடக்கணக்கில் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை எழுந்துவிட்டது. மின்சாரத்தை அளக்கும் மெல்லிய ஊசி தீவின் ஓரத்தை நெருங்கியதும், கேட்டு வாங்கியது போல ஒரு மேடு. கூட வேலை செய்யும் லக்தர் ஓடிப்போய்த் தேனில் ஊறிய மக்ரூத் பலகாரம் வாங்கி வந்தான். பேராசிரியர் பெனாவ்தா மதியம் எல்லோரையும் கூட்டி இதைச் சொல்லப்போகிறார்.

ஸூலிகாவுக்கோ சந்தோஷம் வந்தால் பின்னாலேயே சந்தேகமும் வந்துவிடும். ஊசியைக் காந்தமே படியாத வெறும் படிகத்தின் மேல் நகர்த்தினாள். அங்கேயும் மேடு.

"அங்க ஏன்க்கா போய்ப் பாக்குற? அதான் வந்துருச்சே!"

"இங்க வரக்கூடாதுடா. நேத்து ஊசி காந்தத்துல லேசா இடிச்சுது. ஒரு துணுக்கு முனையில ஒட்டியிருந்தா? அப்போ இந்த மேடு படிகத்தோடதா, ஊசியோடதா?"

"எதோடது?"

"தெரியலைடா. சத்தியமாத் தெரியலை."

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பக்கத்தில் இருக்கும் தங்கத் துண்டில் ஊசியைக் குத்தினால் முனை சுத்தமாகிவிடும். அப்புறமும் ஓரத்தில் மேடு எழுந்தால் உண்மை. எழாவிட்டால், மூக்குக்கண்ணாடியின் கறையை நிலவில் பார்த்து மகிழ்ந்த கதைதான்.

"சார் சொல்லி முடிச்சப்புறம் குத்திக்கலாம்க்கா," லக்தர் கெஞ்சினான். "இன்னைக்கு ஒரு நாளாவது சிரிச்சிட்டுப் போவோமே."

அவளுக்கும் ஆசைதான். திரையைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். எதை நம்புவது என்று புரியவில்லை. தாழ்வாரத்தில் பேராசிரியரின் சிரிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

பாதி தின்ற மக்ரூத்தைப் பெட்டி மூடியில் வைத்தாள். விரலில் ஒட்டிய தேனைச் சட்டையில் துடைத்தாள். ஊசியைத் தங்கத்தின் மேல் கொண்டுபோய்க் குத்தினாள்.