தங்கக் கடியாரத்தில் ஒரு நகக்குழி

லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தால்தான் அது தெரியும். கடியாரத்தின் வலப்பக்கம், சாவிக் குமிழுக்கு நேர் கீழே, தங்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். குறுநொய் அளவுதான் இருக்கும்.

பழைய கைக்கடியாரங்களை வாங்கிச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு வெகுகாலமாக உண்டு. யாரும் சொல்லித்தந்ததில்லை; கெட்டதை வாங்கி வாங்கிக் கற்றதுதான். "அழகா இருக்கற பழைய வாட்ச்சைத்தான் மொதல்ல சந்தேகப்படணும்" என்பார் கும்பகோணத்துத் தரகர் ஒருவர். முகம் பளிச்சென்றிருந்தால் புதுச் சாயம் பூசியிருப்பார்கள். ஓரங்கள் மழுங்கியிருந்தால் பாலிஷ் போட்டுப் போட்டே தங்கத்தைத் தின்றிருப்பார்கள். போன மாசியில் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் என் கைக்கு வந்த இந்தச் சுவிஸ் கடியாரத்தில் அந்தக் குறையெல்லாம் இல்லை. எண்கள் அசல். ஓரங்கள் கூர்மை. வெள்ளை முகம் முற்றிய நெல்லின் நிறத்துக்குப் பழுத்திருந்தது. "தாத்தாவோடதுங்க, வேற யாரையும் தொட விடமாட்டாரு" என்றார், வீட்டை விற்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேரன். பின்மூடியில் தாத்தாவின் பெயரெழுத்துகள். பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. தொட விடமாட்டாராம். எனக்கு ஒருமுறை தொடக் கொடுத்திருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தத் தாத்தா மிராசுதார். அவர் வயலில் நடவாள் என் அத்தை, அப்பாவின் தங்கை. வாய்த்துடுக்குக்காரி. நாற்றுமுடியை வீசுகிற வேகத்தில் சொலவடையும் வீசுவாள். "பொழுது ஆளப் பாத்து நீளாதுடா தம்பி, ஆண்டைதான் நீட்டுவாரு" என்பது அவளே கட்டிய சொலவடை. கலவர காலம் அது. கூலிக்கும் குத்தகைக்கும் தகராறு நடக்காத ஊர் இல்லை. பல ஊர்ப் பள்ளிக்கூடங்களில் போலீஸ் தங்கியிருந்தது. ஆட்சி மாறிய கையோடு மிராசுதார் கதரை மடித்து வைத்துவிட்டுக் கரைவேட்டிக்கு வந்துவிட்டார். கைக்கடியாரம் மட்டும் மாறவில்லை.

எட்டு மணிக்கு வயலில் இறங்கி ஐந்து மணிக்குக் கரையேறுவது என்று இரண்டு தரப்பும் பேசி முடித்திருந்தார்கள். ஆனால் அத்தனை வயலுக்கும் மணி சொல்ல இருந்தது அவர் கையிலிருந்த அந்த ஒன்றுதான். வரப்பில் நின்று அதைப் பார்த்து அவர் 'இறங்கு' என்றால் இறங்க வேண்டும், 'ஏறு' என்றால் ஏற வேண்டும். பூவரசு நிழலைப் பார்த்தே பொழுது சொல்லக்கூடிய அத்தை, காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும் களவு போகிறது என்று மனு கொடுத்தாள்.

விசாரணை தாலுகா ஆபீசில். நான் அங்கே புதிதாகச் சேர்ந்த எழுத்தர். அப்பா வெகு முன்பே ஊரை விட்டு வந்துவிட்டதால் நான் யார் பிள்ளை என்பது மிராசுதாருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அத்தையும் காட்டிக்கொள்ளவில்லை, என்னைப் பார்த்து, "கும்புடறேன் சார்" என்றாள். எனக்கு அது உள்ளூர ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"எப்படித் திருடுறாருங்கறே?" என்றார் தாசில்தார்.

"காலையில முள்ளு முன்ன ஓட, பொழுது சாயச் சாய பின்ன ஓட, கடியாரத்தக் கிள்ளுறாருங்க. கட்டவெரல் நகத்த மட்டும் வளத்து வச்சிருக்காரு, பாருங்க."

மிராசுதார் சிரித்தார். "கடியாரம் என்னம்மா கைக்கொழந்தையா, கிள்ளுனா அழுவறதுக்கு?"

"அழுவறது நாங்கதாங்களே."

அறையே சிரித்தது. மிராசுதார் கடியாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சுவிஸ் சரக்குங்க. நீங்களே பாத்துக்குங்க." தாசில்தார் என் பக்கம் தலையசைத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தங்கக் கடியாரம் என் கையில். அதன் கனம், காதோடு வைத்தபோது கேட்ட அந்த மெல்லிய துடிப்பு, முள்ளின் மினுமினுப்பு எல்லாம் சேர்ந்து என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டன. சுவர்க் கடியாரத்தோடு ஒப்பிட்டேன். "ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லைங்க சார்" என்றேன். விசாரணைக்கு வருகிறவர் மணியைச் சரியாக வைத்துக்கொண்டுதானே வருவார் என்று தோன்றவே இல்லை. மனு தள்ளுபடியானது.

அதன்பிறகு அந்தச் சுற்றுவட்டத்தில் எந்த வயலிலும் அத்தையை இறக்கவில்லை. ஒரு நடவு, ஒரு அறுப்பு பொறுத்துப் பார்த்தாள். பிறகு மாமாவோடு செங்கல் சூளைக்குப் போனாள். மூன்றாம் வருஷம் இருமலோடு திரும்பி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே தொடங்கினாள்: "ஒன்ன ஒண்ணும் சொல்லலடா. நீ பாத்தத நீ சொன்ன, நான் பாத்தத நான் சொன்னேன். சார் சொன்னது எடுபட்டுச்சு." கேலியாகத்தான் சொன்னாள். சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது. அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

அவள் நிழலைக் கணித்ததில் பிசகிவிட்டாள், பாவம் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது.

தினமும் சாவி கொடுக்க நகம் தேவையில்லை. இரண்டு விரல் போதும். முள்ளைத் திருப்புவதானால்தான் குமிழை நகத்தால் நெம்பி வெளியே இழுக்க வேண்டும். நல்ல சுவிஸ் கடியாரத்துக்கு வாரத்துக்கு ஒருமுறை அது தேவைப்பட்டால் அதிகம். தங்கத்தில் இப்படிப் பள்ளம் விழ வேண்டுமானால் ஒருநாள் விடாமல், காலையிலும் மாலையிலும், வருஷக்கணக்கில் நெம்பியிருக்க வேண்டும். அன்று நான் கையில் வாங்கியபோதும் இந்தக் குழி இருந்திருக்கும். நான் மினுமினுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கீறலுக்காக வெலயக் கொறைச்சிடாதீங்க" என்றார் பேரன், நான் லென்சை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு.

"இல்லைங்க தம்பி, அதுக்காகத்தான் வாங்குறேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, என் கட்டைவிரல் நகத்தை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.