பழைய இணைய முகவரியைக் கைவிட்டேன்

மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் உள்ள எங்கள் சிறிய தேவாலயத்துக்கு நான் செயலாளர். எங்கள் இணைய முகவரி பல வருடங்களாக டாட் காம் என்று முடிந்தது. டாட் சர்ச் என்று முடியும் முகவரிகளும் இப்போது கிடைக்கின்றன என்று தெரிந்ததும் உடனே ஒன்றை வாங்கினேன். இரண்டு எதற்கு என்று பழையதைப் புதுப்பிக்காமல் விட்டேன்.

எங்கள் சபையில் யாராவது இறந்தால் நினைவு அட்டை அச்சடிப்போம். படம், பெயர், இறந்த தேதி, கடைசி வரியில் எங்கள் இணைய முகவரி. அடக்க ஆராதனைப் படங்களை அதில்தான் போடுவோம். பழைய முகவரியை விட்டபோது, அந்த அட்டைகள் வீட்டுக்கு வீடு பைபிளுக்குள் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மேரி அக்கா தன் கணவரின் முதல் நினைவு நாளன்று அழைத்தார்.

"தம்பி, அட்டையில உள்ளத அடிச்சா காசு வச்சு ஜூடி ஆடுற படம் வருதுலா. அவரு தங்கச்சிங்க எல்லாம் பக்கத்துல உக்காந்திருக்காங்க. அவமானமா போச்சு."

நான் விட்ட பெயரை ஒரு சூதாட்டத் தளம் எடுத்திருந்தது. திரும்ப வாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் அட்டையில் முகவரி போடுவதில்லை. புதிய முகவரியைக் கெடு முடியும் முன்பே புதுப்பித்துவிடுகிறேன்.

அக்காவுக்குப் புது அட்டை அச்சடித்துக் கொண்டுபோனேன். அவர் பழையதில் முகவரியைக் கத்தரித்திருந்தார். மேலிருந்த தேதியும் பாதி போயிருந்தது.

"புதுசு வேணாம் தம்பி. இதுதான் அவரு சவப்பெட்டி மேல இருந்திச்சு."