சீல் உடையாத இரண்டு போத்தல்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது தவறினால் குழி வெட்டுகிறவர்களுக்கு இரண்டு போத்தல் சாராயம் கொடுக்க வேண்டும். குளிரும் ஈர மண்ணும் ஒரு பக்கம், செய்கிற வேலை ஒரு பக்கம். குடிக்காமல் இறங்க முடியாது என்பார்கள். மரண உதவிச் சங்கத்துக்குப் பொருளாளர் நான். ஆகவே போத்தல் வாங்கிக் கொடுப்பதும் என் பொறுப்பு. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன் இப்போது இதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வெட்டக்கூடிய ஆம்பிளைகளெல்லாம் கொழும்பில், கடைகளில் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு வருவார்கள். சாவு தீபாவளி பார்த்து வருவதில்லை. போன ஆடி மழையில் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெரியவர் ஒருவர் தவறியபோது அலவாங்கையும் மண்வெட்டியையும் தூக்கியவர்கள் நாலு பள்ளிக்கூடப் பையன்கள். அதில் ஒருவன் என் பேரன். பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறவன். அவனுடைய அம்மா, என் மகள், குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ஒவ்வொரு வெள்ளியும் ஃபோனில் ஒரே கேள்வி: "பையன் குடிக்கிறானாப்பா?"

அதற்காகவே தினமும் அவனை என் முகத்தில் ஊதச் சொல்வேன்.

"பொலிஸ்காரன் கூட இத்தன தடவ ஊதச் சொல்ல மாட்டான் தாத்தா" என்பான். ஆனாலும் ஊதுவான்.

அன்று போத்தல்களைக் கொடுக்கும்போது என் கை கொஞ்சம் பின்வாங்கியது. நாலு பேரில் உயரமானவனிடம், "தம்பி, நீங்க படிக்கிற பிள்ளைங்க. வழக்கத்துக்காகத்தான் தாறேன்" என்றேன். "வைங்க சேர், செத்தவருக்கு மரியாதை" என்று வாங்கிக்கொண்டான்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். இரண்டு போத்தலையும் என் முன்னால் வைத்தார்கள். சீல் உடையவில்லை.

"வேணாமா?"

"நாறும் சேர். வீட்டுல புடிச்சிருவாங்க. இதெல்லாம் கெழவங்களுக்குத்தான்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சாவு வீட்டு வாசலில் நின்றவர்களிடமெல்லாம் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க, எங்க பிள்ளைங்க தொடவே இல்ல!"

"அப்ப வீணாக்காதீங்க சேர்" என்று ஒருவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போனார்.

குழியின் ஆழம் சரியா என்று குடையால் அளந்து பார்ப்பது என் பழக்கம். போனேன். ஆழம் சரியாகவே இருந்தது. மேலே குவித்திருந்த மண்ணில் ஏதோ மினுங்கியது. எடுத்துத் துடைத்தேன். மாத்திரை அட்டை. அதன் பத்துக் குழிகளில் ஒன்பது வெறும் குழி, ஒன்றில் மட்டும் மாத்திரை இருந்தது. எவராவது நோயாளி தவறவிட்டது என்று நினைக்கப் பார்த்தேன். அது அன்று காலையில் தோண்டிப் போட்ட மண். அந்த இடத்துக்கு வந்தவர்கள் நாலே பேர்.

மறுநாள் பஸ் பிடித்துத் தலவாக்கலைக்குப் போய் மருந்துக் கடையில் காட்டினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நரம்பு வலிக்குக் கொடுக்கிறது சேர். டொக்டர் துண்டு இல்லாம நாங்க கொடுக்க மாட்டோம். பசங்க போதைக்கு வேற எங்கயோ எடுக்கிறாங்க. போட்டா வாய் மணக்காதே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். ஒன்பதை நாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். மூன்றால் வகுத்தால் மிச்சமே இல்லை. அப்படியானால் மூன்று பேர் மூன்று மூன்றாகப் போட்டிருக்கிறார்கள், ஒருவன் தொடவில்லை. அந்த ஒருவன் என் பேரன். பஸ் வட்டகொடை வரும்வரை இந்தக் கணக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு, பிள்ளைகள் சமமாகப் பங்கு வைப்பார்கள் என்று யார் சொன்னது என்று தோன்றியது. அதற்கு மேல் கணக்கு ஓடவில்லை.

பின்னேரம் அவன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அட்டையை மேசையில் வைத்தேன். அவன் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பையிலருந்து விழுந்திருக்கு. மிச்சம் இருக்கிறது என் பங்கு" என்றான். "மொதல் தடவைக்கு ஒன்னு போதும்னானுங்க."

"அப்ப நீ போடலயா?"

"போடல."

மூச்சு வந்தது எனக்கு. "நல்லவேள. பிறகு ஏன் அத அட்டையிலேயே வச்சிருந்த? பிச்சு வீசியிருக்கலாமே?"

அவன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டினான்.

"கொடுங்க தாத்தா."

"எதுக்கு?"

"என்னோடதுன்னு சொன்னேன்ல."

வீசுவதற்கா, போடுவதற்கா, அவனுக்குக் கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்கா? கேட்டேன். நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. அது இன்னும் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. அவன் அதன் பிறகு கேட்கவுமில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டானா, வேறு கிடைத்துவிட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை மகள் கேட்டாள். "ஊதச் சொன்னேம்மா, ஒன்னும் மணக்கல" என்றேன். அது உண்மைதான்.

புரட்டாசியில் இன்னொரு சாவு. போகாதே என்று அவனிடம் சொல்லலாம். ஆனால் குழியை யார் வெட்டுவது? இந்தத் தடவை போத்தல் வாங்கவில்லை. பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணீரும் ஆளுக்கு மூன்று பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு நானே போய், குடையோடு குழி விளிம்பில் நின்றேன்.

"என்னா சேர், மண்ணுக்கும் பாடம் எடுக்க வந்தீங்களா?" என்றான் உயரமானவன். எல்லாரும் சிரித்தார்கள். என் பேரனும் சிரித்தான், என்னைப் பார்க்காமல்.

வேலை முடியும்வரை நான் அசையவில்லை. அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையில் கோப்பை. வலது கை நாலு தடவை வாய்க்குப் போனது. பிஸ்கட் மூன்றுதான்.

வாயைத் துடைத்திருக்கலாம். மழை பெய்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் "ஊது" என்றேன். ஊதினான். பிஸ்கட் வாசம் வந்தது.