தையல் மூலையில் ஒரு வின்ச் டிரைவர்

கல்மண்டபம் பகுதியில் பிளவுஸ் தைக்கிற ரேச்சல் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். முன் அறை ஜன்னலோரம் மெஷின், பக்கத்தில் துணி வெட்டும் மேஜை, அவ்வளவுதான் அவருடைய கடை. அந்த மூலையில் தரை தெரிந்த நாள் குறைவு. நூலை வெட்டினால் வெட்டிய பிசிறு கீழே விழும். தைத்து முடித்து எழுந்த பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவார். யாராவது முகம் சுளித்தால், "தைக்கிற வூட்டுல நூலு கெடக்காம நண்டு ஓடா கெடக்கும்?" என்று கேட்டுவிட்டு மிதியை மிதிக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் கணவர் லூர்து துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் டிரைவராக இருந்தவர். நூல் பிசிறு அவருடைய காக்கிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு கப்பல் வரைக்கும் போயிருக்கிறது. மீன் குழம்பிலும் வந்திருக்கிறது. வேலையில் இருந்தவரை முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அதைத் தேடி அவர் எங்கும் அலையவில்லை. மெஷினுக்கு அடியிலேயே கிடந்தது.

முதலில் துடைப்பத்தோடு வந்தார். ரேச்சல் தைத்துக்கொண்டிருக்கும்போதே மிதிக்குக் கீழே விட்டுப் பெருக்கினார்.

"காலத் தூக்குமே."

"காலத் தூக்கினா மெஷின யாரு ஓட்டுவா, உங்க நைனாவா?"

"கப்பல்ல ஒரு கயித்து முனை கீழ கெடந்தா போதும், ஆள வாரி வுட்டுடும். நாங்க டெக்க எப்டி வெச்சினு இருந்தோம் தெரியுமா?"

"இது டெக்கு இல்லய்யா. என் எடம். போய் டீ குடிச்சிட்டு வா."

டீ குடித்துவிட்டு வந்து டேபிள் ஃபேனைத் தரையில் வைத்தார். பிசிறெல்லாம் ஒரே மூலையில் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. அவை சமையல்கட்டுக்குப் பறந்தன. ஆறிக்கொண்டிருந்த பாலில் ஒரு நீல நூல் மிதந்தது. அடுத்த வாரம் காலி பிஸ்கட் டப்பாக்களைச் சேர்த்து வந்து மேஜையில் இருந்த அத்தனையையும் நிறம் பிரித்துப் போட்டு மூடினார்.

"செவப்பு பாபின எங்கய்யா வெச்ச?"

"செவப்பு டப்பால."

"எது செவப்பு டப்பா?"

"உள்ள செவப்பு நூலு கீதே, அது."

ரேச்சல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கதவுக்கு வெளியே ஒரு பெண் பிளவுஸை வாங்கிப்போக நின்றுகொண்டிருந்தாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பேஜாருதான். ரமாபாயின் பிளவுஸ் வந்தபோதுதான் நிலைமை கெட்டது. ரமாபாய் வியாசர்பாடிக்காரி, ரேச்சலிடம் ரொம்ப நாளாகத் தைக்கக் கொடுக்கிறவள். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மயில் நிறப் பட்டுப்புடவையை ஓரம் அடிக்கவும், அதோடு வந்த துணியில் பிளவுஸ் தைக்கவும் கொடுத்திருந்தாள். ஓரம் அடித்த புடவையை அவள் முன்பே வாங்கிப் போய்விட்டாள். ரேச்சல் பிளவுஸை வெட்டி, கைகளுக்கான ஜரிகை பார்டரைத் தனியே எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, மாதா கோயிலுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது மூலை பளிச்சென்று இருந்தது. மேஜை மேல் ஒரு தூசு இல்லை. பார்டரும் இல்லை.

"இங்க ஜரிகைத் துண்டு ரெண்டு வெச்சிருந்தேனே?"

லூர்து சந்தோஷமாகத்தான் பதில் சொன்னார். "நீட்டு நீட்டா இருந்துதே, அதுவா? துண்டு துணியோட வாரி குப்ப வண்டில போட்டுட்டேன். இப்பதான் போச்சு."

ரேச்சலின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டை கூடப் போடாமல் ஓடினார். வண்டிக் குப்பையை லாரிக்கு மாற்றும் இடம் வரைக்கும் போய்ப் பார்த்தார். லாரி கிளம்பிப் போயிருந்தது. மூச்சு வாங்க வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

ரேச்சல் கத்துவார் என்று எதிர்பார்த்திருப்பார். அவர் கத்தவில்லை. "சட்டையப் போடு. வியாசர்பாடி போறோம். நீதான் சொல்லணும்," என்றார்.

ரமாபாய் கதவைத் திறந்ததும் லூர்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "தங்கச்சி, உன் பார்டரு குப்பையில பூட்ச்சு. போட்டது நான்தான். ரேச்சலுக்குத் தெரியாது."

"இன்னாண்ணே சொல்ற? ஞாயித்துக்கெழம நிச்சயதார்த்தம்! ஊர் பூரா சுத்தி எடுத்த பொடவ அது!"

ரமாபாய் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தி ஓயும்வரை ரேச்சல் காத்திருந்தார். பிறகு புடவையை எடுத்துவரச் சொல்லி, விரித்து, கட்டும்போது இடுப்பில் முதலில் சொருகுகிற முனையைக் காட்டினார். "இந்த முனையில மேல் பார்டர கொஞ்சம் எடுத்துட்டு, அதே கலர்ல துணி வெச்சு ஒட்டுப் போட்டுடறேன். கட்டினா உள்ள போயிடும். யார் கண்ணுக்கும் தெரியாது."

ரமாபாய் அந்த முனையை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "வெட்டப் போறது நீயா, அவரா?"

"நான்தான்."

"அப்ப சரி. அண்ணன் கத்திரி கிட்டயே வரக் கூடாது."

திரும்பி வரும் ஆட்டோவில் லூர்து கைகளை மடியில் வைத்து, ரோட்டில் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளையே பார்த்தபடி வந்தார். திட்டுவதற்கு ரேச்சல் நிறைய வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் திட்டவும் முடியவில்லை. அதுவும் சேர்ந்து அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பிளவுஸ் நன்றாக அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு இருவரும் போனார்கள். ரமாபாய் எல்லோர் முன்னாலும் லூர்துவைக் காட்டி, "பாத்து உட்காருங்க, இவரு பந்தியையே பெருக்கிடுவாரு," என்றாள். லூர்துவும் சிரித்து வைத்தார்.

சில நாள் அவர் மூலைப் பக்கமே வரவில்லை. நூல் பழையபடி சேர்ந்தது. பிறகு ஒரு நாள் பழைய கட்டைப் பை ஒன்றை எடுத்து, வாய்க்குக் கம்பி வளைத்துக் கட்டி, மேஜை விளிம்பில் தொங்கவிட்டார். "வெட்டின பிசிற இதுல போடு. நான் எதையும் தொட மாட்டேன்," என்றார். ரேச்சலுக்கு அந்தப் பை பிடித்திருந்தது, ஆனால் சொல்லவில்லை. பாதி நூல் பைக்குள் விழுந்தது. மீதி விழுந்த இடத்தில் லூர்து குனிந்து கையாலேயே பொறுக்கினார்.

பார்த்தவர்கள் எல்லாரும், "அண்ணன் எடத்த எவ்ளோ சுத்தமா வெச்சினு கீறாரு! உனக்கு இன்னாக்கா கொற?" என்றார்கள். ரேச்சல் வாயில் இருந்த ஊசியைக் கடித்துக்கொண்டு தைத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. தான் பார்க்காமல் அந்தப் பை வாசலைத் தாண்டக் கூடாது. பைக்குள் கையை விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால், விளக்கு வைத்ததும் அதை அப்படியே தரையில் கவிழ்ப்பார். நாள் முழுதும் சேர்த்த பிசிறு அறையெங்கும் பரவும். அவர் குந்தி உட்கார்ந்து கிளறிக்கொண்டிருக்கும்போது, லூர்து துடைப்பத்தோடு நிலைப்படியில் சாய்ந்து நிற்பார்.

"பாத்துட்டியாமே?"

"இருய்யா."

"ஃபேன நிறுத்தட்டுமா?"

"இருன்னு சொல்றேன்ல!"