கராம்புச் சீஸும் மச்சாளின் வெள்ளிக்கிழமையும்

எல்லர்ஸ்லி அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு டச்சுக்காரி. அவர்கள் வழக்கப்படி பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டுமாம். கேக்குக்குப் பதிலாக, செங்கல் போல ஒரு சீஸ் கட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே சீரகமும் கராம்பும். வெட்டுவதற்குக் கத்தியோடு மல்லுக்கட்டினோம். மேலாளர் ஒரு கராம்பைக் கடித்துவிட்டு, பல் டாக்டரிடம் போன ஞாபகம் வருகிறது என்றார். யாரும் சீண்டாத பாதி என் கைப்பையில் வீட்டுக்கு வந்தது.

அன்று வெள்ளி. கணவரின் அக்கா, என் மச்சாள், மனுரேவாவிலிருந்து வந்திருந்தார். மற்ற ஆறு நாளும் ஆடு, நண்டு என்று ஒரு கை பார்ப்பவர், வெள்ளியில் மட்டும் முட்டை பொரித்த சட்டியைக்கூடத் தொடமாட்டார்.

“இதென்ன, ரசப்பொடி மணக்குது?” என்றபடி ஒரு துண்டை வாயில் போட்டார்.

“சீஸ், மச்சாள்.”

“சும்மா சொல்லாத. சீரகம் போட்டால் அது எங்கட சாமான்தான்.”

அடுத்த துண்டு சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் போனது. அதற்குப்பின் வெள்ளி தவறாமல், பிட்டோடு அதையும் துருவிப்போட்டுச் சாப்பிட்டார். வாங்கிக் கொடுக்கும் வேலை என்னுடையது.

இரண்டு மாதம் கழித்து, சீஸ் செய்யும் விதத்தை டச்சுக்காரி பெருமையாக விளக்கினாள். பாலை உறையவைக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ஒன்றைச் சேர்ப்பார்களாம். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மச்சாளை ஒருமுறையாவது வாயடைக்க வைக்கும் வாய்ப்பு. விட மனம் வரவில்லை. மாலையே போன் எடுத்தேன்.

“கண்டுக்குட்டியின்ர வயித்தில இருந்தோ?”

“ஓம்.”

“ஐயோ, பிள்ளையாருக்கும் வைச்சனே!”

“அவர் ஒண்டும் சொல்லேல்லையே, மச்சாள்.”

“நீ ஏன் இப்ப சொன்னனி? தெரியாமல் சாப்பிட்ட வரைக்கும் எனக்குப் பாவமில்லை. இனி எல்லாம் உன்ர தலையில.”

வாயடைப்பதாவது! சனிக்கிழமை என்னையே கார் ஓட்டவைத்து ஒனிஹங்காவில் அந்தச் சீஸ் விற்கும் கடைக்கு வந்தார். கன்றுக்குட்டி சேராத வகையும் இருக்கிறது என்று கடைக்காரர் ஒரு சீவல் நீட்டினார். மச்சாள் மென்றார். முகம் கோணியது.

“சப்பெண்டு வெள்ளிக்கிழமை மாதிரியே இருக்கு,” என்றார்.

வெள்ளிக்கென்று அதில் ஒரு சின்னத் துண்டு, மற்ற ஆறு நாளுக்கும் பழையதில் ஒரு பெரிய கட்டி. பிள்ளையார் வாழைப்பழத்துக்குத் திரும்பினார். நாங்கள் மனுரேவா போய்ச் சேருவதற்குள் பெரிய கட்டியில் கால்வாசி குறைந்திருந்தது.