அவிழ்த்துவிட்ட பின்னல்கள்

என் மகளுக்குச் சுருட்டை முடி. தாம்பரத்தில் நான் ஏறி இறங்கிய பார்லர்களில் எல்லாம் அதை நேராக்கத்தான் சொன்னார்கள். வீடியோ பார்த்து, ஈர முடியைப் பாகம் பிரித்துக் குட்டிக் குட்டிப் பின்னலாகப் போட நானே கற்றுக்கொண்டேன். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பின்னினால் வாரம் முழுக்கச் சிக்கு விழாது. பள்ளி கேட்கிறபடி ரெட்டைச் சடையாகச் சேர்த்து, ரிப்பனும் கட்டித்தான் அனுப்பினேன்.

திங்கள் மாலை கூட்டிவரப் போனால், பிள்ளையின் தலை புதர்போல நிற்கிறது. வகுப்பு மிஸ்ஸே அத்தனையையும் அவிழ்த்து, காய்ந்த முடியைச் சீப்பால் வாரியிருக்கிறார். சட்டையெல்லாம் உடைந்த முடி.

"பாருங்க மேடம், இவ முடி அடங்கவே மாட்டேங்குது."

"நீங்க கை வைக்கிற வரைக்கும் அடங்கித்தான் இருந்துச்சு, மிஸ்."